வாங்குவது ஒருவர், சமைப்பது இன்னொருவர்: ஒரு வீட்டின் வாராந்திர மளிகைச் செலவைக் குறைத்த நிகழ்வு ஆய்வு

"விலைவாசி ஏறிப்போச்சு, என்ன செய்தாலும் மளிகைச் செலவு கட்டுக்குள் வரவில்லை." இந்தக் குடும்பம் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தது. விலைவாசி ஏறியது உண்மைதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு மாத பில்களைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது அவர்களுடைய பணம் போன வழி வேறாக இருந்தது. அந்த வழியைக் கண்டுபிடித்ததும், அதை அடைக்க என்னென்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதும்தான் இந்தக் குறிப்பு.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தொகைகளையும் அப்படியே தரவில்லை. ஆரம்பத்தில் இருந்த வாரச் செலவை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதன் பங்காகச் சொல்கிறேன். எல்லாம் தோராயக் கணக்குதான். ஒரு வீட்டில் நடந்ததை வைத்து எல்லா வீட்டுக்கும் விதி எழுத முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீடு

ஐந்து பேர். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கணவரின் அம்மா கூடவே இருக்கிறார், குழந்தைகள் அழைப்பது போல இனி அவரைப் பாட்டி என்றே எழுதுகிறேன். பதினைந்து வயதில் ஒரு பையன், ஒன்பது வயதில் ஒரு பெண்.

வாராந்திரப் பெரிய கொள்முதல் கணவருடைய வேலை. வார இறுதியில் கடைக்குப் போவார், போகும் வழியில் வீட்டுக்கு போன் போட்டு "என்ன வேணும்?" என்று கேட்பார், போனை எடுத்தவர் அந்த நேரத்தில் எது ஞாபகத்துக்கு வந்ததோ அதைச் சொல்வார். காலைச் சமையல் மனைவி, மாலைச் சமையல் பாட்டி. இடையில் ஏதாவது தீர்ந்துவிட்டால் மனைவி போனிலேயே ஆர்டர் போட்டுவிடுவார், அல்லது பையனைப் பக்கத்துக் கடைக்கு அனுப்புவார்கள். அதாவது ஒரு சமையலறைக்கு மூன்று பேர் சாமான் வாங்குகிறார்கள், இரண்டு பேர் சமைக்கிறார்கள், மொத்தமாக என்ன இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது.

இதற்கு முன்பு அவர்களே சில வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். மலிவான பிராண்டுக்கு மாறினார்கள், அதில் இரண்டு பொருள் யாருக்கும் பிடிக்காமல் அலமாரியிலேயே கிடந்தது. ஆஃபரைத் துரத்தி மூன்று கடைக்குப் போனார்கள், மூன்று கடையிலும் பட்டியலில் இல்லாதது ஏதாவது பையில் ஏறியது. கடைசியாக நொறுக்குத்தீனி வாங்கவே கூடாது என்று ஒரு தடை. பதினைந்து வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அந்தத் தடை எத்தனை நாள் தாங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எதையும் மாற்றவில்லை

ஒரு மாதம் எப்போதும் போலவே வாங்குங்கள், சமையுங்கள் என்றேன். இரண்டே இரண்டு வேலைதான் கூடுதல். எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் பில்லை ஒரு டப்பாவில் போட வேண்டும், போனில் போட்ட ஆர்டரைத் துண்டுச்சீட்டில் எழுதி அதே டப்பாவில் போட வேண்டும். அப்புறம், குப்பைக்குப் போகும் சாப்பாட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுத வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, ஏன் போட்டோம்.

பாட்டிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "குப்பைக்குக்கூடவா கணக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், காலம் முழுக்க அந்த வீட்டை நடத்தியவரிடம் வெளியாள் ஒருவர் வந்து குப்பைக் கணக்கு கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? காப்பாற்றியது அந்தச் சின்னப் பெண்தான். கலர் பேனா எடுத்துக்கொண்டு தானே கணக்குப்பிள்ளையாகிவிட்டாள். யார் எதைப் போட்டாலும் ஓடிவந்து "ஏன்?" என்று கேட்பாள், சொன்னதை அப்படியே எழுதிவைப்பாள். பெரியவர்கள் எழுதியிருந்தால் "கெட்டுப்போச்சு" என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருப்பார்கள். அவள் எழுதியதில்தான் உண்மையான காரணங்கள் இருந்தன.

டப்பாவில் கிடைத்தது

அந்த வாரப் பெரிய கொள்முதலைக் குறைப்பது எப்படி என்பதுதான் எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. ஆனால் 100ல் அது 60தான். மீதி 40, வாரத்தின் நடுவே நடந்த சில்லறைக் கொள்முதல். எல்லோருக்கும் அதிர்ச்சி, ஏனென்றால் ஒவ்வொரு பில்லும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத தொகை. பால் தீர்ந்துவிட்டது என்று போன பையன் பாலோடு மட்டும் திரும்பிய நாள் அநேகமாக இல்லை. போனில் ஆர்டர் போடும்போது டெலிவரிக் கட்டணத்தைத் தவிர்க்கக் குறைந்தபட்சத் தொகை வரவேண்டும் என்பதற்காக இன்னும் இரண்டு பொருளைச் சேர்த்திருந்தார்கள், அந்த இரண்டு பொருளின் விலை பல தடவை கட்டணத்தைவிட அதிகம்.

இதில் அவர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. கடை என்ற அமைப்பே நம்மைக் கூடுதலாக எடுக்க வைக்கிற மாதிரிதான் வளர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் எந்த ஊராக இருந்தாலும் பட்டியலைக் கடைக்காரரிடம் கொடுப்போம், அவர் எடுத்துக்கட்டித் தருவார். 1916ல் க்ளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே உள்ளே நடந்துபோய் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். கையில் தூக்கும் கூடை கனத்துவிட்டால் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைப் பார்த்து, 1937ல் ஓக்லஹோமா சிட்டியில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மன் சக்கரம் வைத்த தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். கை வலிக்காவிட்டால் கூடை நிறையும், அவ்வளவுதான் கணக்கு. இன்று போன் திரையில் அந்தக் கனம்கூட இல்லை.

டப்பாவில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஒரே பொருள் ஒரே வாரத்தில் இரண்டு பில்லில். மாவு, மசாலாப் பொடி, சர்க்கரை என்று கெடாத சாமான்களில்தான் இது அதிகம். அலமாரியைக் காலி செய்து பார்த்தபோது ஒரே மாவில் மூன்று திறந்த பாக்கெட் இருந்தது. ஒன்று பாட்டி திறந்தது, ஒன்று மனைவி திறந்தது, மூன்றாவதை யார் திறந்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஃப்ரிட்ஜ் கதவில் கிடைத்தது

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024ல் வெளியிட்ட உணவு விரய அறிக்கையின்படி, 2022ல் உலகம் முழுவதும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 63.1 கோடி டன் வீடுகளிலிருந்து, அதாவது பத்தில் ஆறு பங்கு. ஆளுக்கு வருடத்துக்கு 79 கிலோ என்று அறிக்கை சொல்கிறது. ஐந்து பேர் வீட்டுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் வாரத்துக்கு ஏழரைக் கிலோ வரும். தோல், கொட்டை, எலும்பு மாதிரி சாப்பிட முடியாத பகுதியும் அதில் அடக்கம் என்பதால் அந்த எண்ணைப் பார்த்து முழுசாகப் பயப்பட வேண்டாம், ஆனாலும் சின்னக் கணக்கு இல்லை.

இந்த வீட்டில் தோலையும் கொட்டையையும் நாங்கள் எழுதவே இல்லை. சாப்பிட்டிருக்கக்கூடியதை மட்டும்தான் எழுதினோம். அதன் மதிப்பு, வாரச் செலவு 100ல் சுமார் 14. கீரையும் இலைக் காய்களும் முதலிடம், அடுத்தது சமைத்து மீந்தது, அப்புறம் ரொட்டி, பாதி பயன்படுத்திய பாக்கெட்டுகள், உள்ளே மறந்துபோன தயிர்.

பொருளைவிடக் காரணம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தப் பெண் எழுதியிருந்ததில் திரும்பத் திரும்ப வந்தவை இவை: "இருக்குன்னு தெரியல." "அப்பா வாங்கினது, பாட்டிக்கு என்ன பண்றதுன்னு தெரியல." "அம்மா நாளைக்கு எடுத்து வெச்சாங்க, ஆனா பாட்டி புதுசா சமைச்சிட்டாங்க."

பூஞ்சை பிடித்ததும் வாடியதும் கடைசியில் நடந்தது. அதற்கு முன்பே அந்தப் பொருள் யாருடைய திட்டத்திலும் இல்லாமல் போயிருந்தது. கணவர் கடையில் நல்ல காய் மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு கட்டு கூடுதலாக வாங்குகிறார். அவர் வரையில் அது சாமர்த்தியம். பாட்டியோ அடுத்த மூன்று நாளுக்கு மனதுக்குள் வேறு சமையல் முடிவு செய்து வைத்திருக்கிறார். மனைவிக்கு அந்தக் கட்டுகள் வந்ததே தெரியாது, காலையில் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் கண்ணில் படுவதை எடுத்துச் சமைத்துவிட்டு ஓடுகிறார். மூன்று பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள், கீரை மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டு வாடுகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டினேன், அது கணவரிடம் வேலை செய்தது. வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கு குப்பைக்குப் போனால், சாப்பிட்ட பங்கின் விலை 20 சதவீதம் கூடவில்லை, 25 சதவீதம் கூடுகிறது. 100 கொடுத்து 80க்கு மட்டும்தானே சாப்பிட்டோம். பெரிய பாக்கெட் 10 சதவீதம் மலிவு என்று வாங்கி அதில் பத்தில் ஒரு பங்கு வீணானால் லாபம் பூஜ்யம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது பாதி விலை மாதிரி தெரியும், இரண்டாவதில் பாதியைக் குப்பையில் போட்டால் கிடைத்த தள்ளுபடி மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம் என்று எடுத்துவந்து அந்த மூன்றாவதைத் திறக்கவே இல்லையென்றால் தள்ளுபடியே கிடையாது, சுமந்து வந்ததுதான் மிச்சம்.

செய்த மாற்றங்கள்

பெரிய மாற்றம் ஒன்றுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தது. பட்டியலை வாங்குபவர் எழுதக் கூடாது, சமைப்பவர்கள் எழுத வேண்டும், அதுவும் ஃப்ரிட்ஜையும் அலமாரியையும் திறந்துவைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முந்தின இரவு, சாப்பாடு முடிந்ததும் கால் மணி நேரம். பாட்டியும் மனைவியும் ஃப்ரிட்ஜ் முன்னால் உட்காருவார்கள், பெண் எழுதுவாள். முதலில் எழுதுவது வாங்க வேண்டியதை அல்ல, தீர்க்க வேண்டியதை: இந்தக் காய் இன்னும் இரண்டு நாள் தாங்கும், இந்தத் தயிர் நாளைக்குள் முடியணும், இந்தப் பருப்பு கால் டப்பா இருக்கு. அதை வைத்து அடுத்த சில சமையலை முடிவு செய்துவிட்டு, அதற்கு என்ன குறைகிறதோ அது மட்டும்தான் பட்டியலில் ஏறும். பொதுவாக எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள், என்ன சமைக்கலாம் என்று ஆசைப்பட்டு எழுதிவிட்டு, ஏற்கெனவே இருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஏழு நாளுக்கும் அட்டவணை போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். ஏழு நாள் அட்டவணை மூன்றாவது நாளே உடையும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒருநாள் வெளியே சாப்பிட்டாயிற்று, ஒருநாள் சமைக்கவே மனசில்லை. உடைந்த அட்டவணைக்காக வாங்கிய பொருள் அப்படியே தங்கிவிடும். அதனால் நான்கு நாள் மாலைச் சமையல் மட்டும் முடிவு, மீதி நாள் இருப்பதை வைத்து. அந்த இடைவெளிதான் மீந்ததும் வாடப்போவதும் தீர்கிற இடம்.

ஃப்ரிட்ஜில் கண் மட்டத்தில் இருக்கும் தட்டை முழுக்கக் காலி செய்து "முதலில் இதை" என்று எழுதி ஒட்டினார்கள். சீக்கிரம் முடிய வேண்டியது எல்லாம் அங்கே. கீரையைக் கீழே இருக்கும் இழுப்பறையில் போட்டுவைப்பதுதான் வழக்கம், அங்கே நன்றாகத்தான் இருக்கும், ஆனால் யார் கண்ணிலும் படாது. அதனால் இழுப்பறைக்குள் இருப்பதை மட்டும் வெளியே ஒரு சீட்டில் எழுதி ஒட்டினார்கள். இலைக் காய்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், அந்தத் தண்ணீர் போவதுதான் வாடுவது. அழுகாமல் வெறுமனே துவண்டிருந்தால் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தாலே நிமிர்ந்துவிடும், தூக்கிப் போட வேண்டியதில்லை. இது தெரியாமலே நிறையக் கட்டுகள் போயிருக்கின்றன.

பழக்கூடையையும் பிரித்தார்கள். ஆப்பிள், பழுத்த வாழைப்பழம், தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும், பக்கத்தில் இருக்கும் இலைக் காய் அதனால் சீக்கிரம் மஞ்சளாகும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஒரே கூடையில் இருந்தன, அவற்றையும் தள்ளித் தள்ளி, வெளிச்சமும் ஈரமும் இல்லாத இடத்தில் வைத்தார்கள். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியது அதற்கு மேலேயே நின்றது, திருகியைக் கொஞ்சம் திருப்பியதோடு சரி. பால் முன்பைவிட ஒருநாள் கூடுதலாக நின்றது என்றார்கள்.

பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் தேதியைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் மனைவி தேதி கடந்ததும் எதுவாக இருந்தாலும் போட்டுவிடுவார், பாட்டி தேதியைப் பார்ப்பதே இல்லை. இருவரும் பாதி சரி. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்று இருந்தால் அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அதில் விளையாடக் கூடாது. "இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்தினால் நல்லது" என்கிற மாதிரி இருந்தால் அது ருசி, மொறுமொறுப்பு, மணம் பற்றியது, சரியாக வைத்திருந்த உலர்ந்த சாமானை அந்தத் தேதி தாண்டியும் பார்த்து, முகர்ந்து பயன்படுத்தலாம். சமைத்த உணவுக்கு வேறு விதி: அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மீந்ததை அடுப்பு மேலேயே விட்டுவிட்டு இரவு படுக்கும்போது ஃப்ரிட்ஜில் தள்ளுவது இந்த வீட்டின் பழக்கம், அதை நிறுத்தினார்கள். காசை மிச்சப்படுத்தப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் மருந்துக் கடை பில் யார் கணக்கில்?

மீந்துபோவதற்கு மூலக் காரணம் வேறு. மாமனார் இருந்த காலத்தில், நாத்தனார் கல்யாணம் ஆகிப் போவதற்கு முன்பு, அந்த வீட்டில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். பாட்டியின் கை அந்த அளவில்தான் இன்னும் அள்ளுகிறது. மீந்ததை அடுத்தநாள் சாப்பிடச் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகவும் இருந்தது. "மீந்ததைச் சாப்பிடுங்கள்" என்று மருமகள் சொன்னால் சண்டை, மகன் சொன்னால் இன்னும் பெரிய சண்டை. கடைசியில் தானிய டப்பாவுக்குள் ஒரு அளவுக் கப்பைப் போட்டுவைத்தார்கள், ஆளுக்கு இத்தனை என்று பேத்தி அதில் கோடு போட்டுக் கொடுத்தாள். பேத்தி போட்ட கோட்டைப் பாட்டி மீறவில்லை. மீந்ததைப் பற்றிப் பேசுவதற்கே அதிகம் வேலை இல்லாமல் போயிற்று.

சில்லறைக் கொள்முதலுக்கு ஒரே விதி: வாரத்தின் நடுவில் ஒருமுறை, பால், கீரை, பழம் மட்டும். அந்த நாளுக்கு முன் ஏதாவது தீர்ந்தால் இல்லாமல் சமாளிப்பது. முதலில் இது முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நடுவாரப் பில்களில் இருந்தவற்றில், அது இல்லாவிட்டால் அன்றைக்குச் சமையலே நடந்திருக்காது என்று சொல்லக்கூடியவை மிகக் குறைவு என்பதை அவர்களே எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

விலையைப் பார்க்கும் வேலையும் இருந்தது, அதை நான் கடைசியில்தான் எடுத்தேன். பாக்கெட் விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று பார்ப்பது. ஒரு கிலோ பாக்கெட் அதே விலையில் 850 கிராம் ஆகிவிட்டால் விலை 15 சதவீதம் ஏறவில்லை, 17.6 சதவீதம் ஏறியிருக்கிறது, அட்டையின் படம் மட்டும் அப்படியே இருக்கும். டப்பாவில் அடைத்த வேகவைத்த பயறு 400 கிராம் என்றால் தண்ணீர் போக 240 கிராம்தான் இருக்கும், அதற்குக் காய்ந்த பயறு 100 கிராம் ஊறவைத்தாலே போதும். புரதத்தைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன், இரண்டு வளரும் பிள்ளைகள் இருக்கிற வீடு. அதனால் புரதத்தையே அளவுகோலாக வைத்து விலையை ஒப்பிட்டார்கள். காய்ந்த பருப்பு, பயறு வகைகளில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம், ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவில், 100 மில்லி பாலில் மூன்று கிராமுக்குச் சற்று மேல். இந்தக் கணக்கைப் போட்டதும் பில்லில் பருப்பும் முட்டையும் கூடியது, புரதம் சேர்த்தது என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த பானப் பொடி தானாக விழுந்தது.

எங்கே இடித்தது

முதல் வாரமே செலவு பாதிக்குப் பக்கத்தில் இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம், நான் மட்டும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது சேமிப்பு கிடையாது, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று மாவுப் பாக்கெட்டைத் தின்று தீர்த்தது. இருப்பு தீர்ந்ததும் எண்ணெய், தானியம் எல்லாம் ஒன்றாக வாங்க வேண்டி வந்து ஒரு வாரம் பழைய தொகையைத் தாண்டியே போயிற்று, அந்த வாரம் இந்த முயற்சியே வேஸ்ட் என்று மனைவிக்குத் தோன்றியது. செலவைக் குறைக்க ஆரம்பித்த நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு வாரத்தை இன்னொரு வாரத்தோடு ஒப்பிடவே கூடாது, நான்கு வாரத்தைக் கூட்டி நான்கால் வகுத்து, அதைப் பழைய நான்கு வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

கணவர் முகம் தொங்கிப்போனதை நான் எதிர்பார்க்கவில்லை. பட்டியலைக் கையில் கொடுத்து "இதை மட்டும் வாங்கி வாங்க" என்றால் அவருக்குக் கூலியாள் மாதிரி இருந்திருக்கிறது. கடையில் சுற்றி, நல்லதாகப் பொறுக்கி, மலிவாகக் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது, வாரம் முழுக்க வேலைக்கு ஓடுகிறவருக்கு அது சின்ன விஷயமும் அல்ல. பட்டியலுக்கு வெளியே 100ல் 5 அவர் இஷ்டத்துக்கு என்று ஒதுக்கினார்கள். ஒரே நிபந்தனை, அப்படி வாங்கியதை என்ன செய்வது என்று அவரே சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் அவரே சமைக்க வேண்டும். இரண்டு கட்டுக் கீரை அதன்பிறகு ஒரு கட்டாயிற்று.

பையனுக்கும் அதே மாதிரி நொறுக்குத்தீனிக்கு வாரத் தொகை ஒன்று கையில் கொடுத்தார்கள். முதல் வாரத்தில் இரண்டே நாளில் முடித்துவிட்டு மீதி நாள் முழுக்க வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தான். இப்போது கிராமுக்கு என்ன விலை என்று பார்த்து வாங்குவது அந்த வீட்டிலேயே அவன்தான்.

கணக்கு

மூன்று மாதம் கழித்து, நான்கு வாரச் சராசரி 100லிருந்து 78க்கு வந்திருந்தது. அந்த 22 எங்கிருந்து வந்தது என்று கறாராகப் பிரிக்க முடியாது, ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. பில்களை வைத்துத் தோராயமாகச் சொன்னால் பாதி, நடுவாரச் சில்லறைக் கொள்முதல் குறைந்ததால். ஏழு அளவுக்கு, வீணாவது குறைந்ததால். மிச்சம் நான்குதான் கிலோ விலை பார்த்தது, பிராண்டு மாற்றியது எல்லாம் சேர்ந்து. அவர்கள் பல மாதமாக மெனக்கெட்டது முழுக்க இந்த நான்குக்காக.

பழம், முட்டை, பருப்புக்கான செலவு முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. பால் அப்படியே. வீணாவது இன்னும் முழுக்க நிற்கவில்லை, 14ல் பாதி இன்னும் போகிறது, அதில் ரொட்டியின் கடைசித் துண்டுகள்தான் அதிகம், இந்த வீட்டில் அதை யாரும் தொடமாட்டார்கள். விருந்தாளி வந்த வாரங்களைச் சராசரியில் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவற்றைக் கழித்துக் காட்டினால் எண் அழகாகும், ஆனால் விருந்தாளி வராத வீடு எங்கே இருக்கிறது?

நேரமும் ஒரு செலவுதான். வாரத்துக்கு அந்தக் கால் மணி நேரம், மீந்ததைப் பிரித்து வைக்கும் வேலை, பயறு ஊறவைக்க ஞாபகம் வைத்துக்கொள்ளும் பாரம். இதெல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். மாதக் கடைசியில் மனைவி அதை வாய்விட்டுச் சொன்னபிறகுதான் ஊறவைக்கிற வேலையும் ஃப்ரிட்ஜ் தட்டைத் துடைத்து அடுக்குகிற வேலையும் கணவர் கைக்கு மாறியது. நடுவாரக் கடைப் பயணங்கள் நின்றதில் மிச்சமான நேரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஆனால் அது மிச்சமானது பையனுக்கு.

யாருக்கு இது பொருந்தாது

வருமானம் ஏற ஏறச் செலவில் உணவின் பங்கு குறையும், குறைந்த வருமானக் குடும்பத்தில் அந்தப் பங்கு மிக அதிகம் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857லேயே சொல்லிவைத்தார். கை இறுக்கமாக இருக்கிற வீட்டில் ஏற்கெனவே எதுவும் வீணாவதில்லை, ஒரு பிடி தானியத்துக்கும் அங்கே கணக்கு உண்டு. அப்படிப்பட்ட வீட்டிடம் போய்ப் பட்டியல் எழுதுங்கள், மொத்தமாக வாங்குங்கள் என்று சொல்வது எரிச்சலைத்தான் கிளப்பும். மொத்தமாக வாங்க முன்பணம் வேண்டும், வைக்க இடம் வேண்டும், எலியும் ஈரமும் அண்டாத டப்பா வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு 22 கிடைத்தது என்றால், ஓட்டையாகப் போய்க்கொண்டிருந்தது அவ்வளவு இருந்தது என்று அர்த்தம். ஒருவரே வாங்கி ஒருவரே சமைக்கும் வீட்டில் சில்லறைக் கொள்முதலை மட்டும் பார்த்தால் போதும், பட்டியல் யார் எழுதுவது என்ற பஞ்சாயத்தே அங்கே கிடையாது.

இப்போது பெரிய ஃப்ரீசர் ஒன்று வாங்கலாமா என்று கணவர் கேட்கிறார், ஆஃபரில் வருவதை வாங்கி உறையவைக்கலாமாம். மைனஸ் 18 டிகிரியில் உணவு கெடுவது கிட்டத்தட்ட நின்றுபோகும் என்பது சரிதான், ருசி மட்டும் மாதக்கணக்கில் மெல்லக் குறையும். ஆனால் கரண்ட் பில்லையும் மெஷின் விலையையும் போட்டுப் பார்த்தால், அதற்குள் போவது எல்லாம் சாப்பிட்டுத் தீர்ந்தால்தான் கட்டுப்படியாகும். இப்போதிருக்கும் சின்ன ஃப்ரீசரில் என்ன இருக்கிறது என்று எழுதி வெளியே ஒட்டுங்கள், இரண்டு மாதம் அது உண்மையிலேயே நிரம்பி நிரம்பித் தீர்கிறதா என்று பாருங்கள், வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.